ஓரத்தில் இருட்டு

அந்த டிவியை மாடிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இரண்டு ஆட்களுக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. மெக்கானிக் அவர்களுக்குப் பின்னாலேயே, பிரசவ அறை வாசலில் நிற்பவரைப் போலத் தவித்துக்கொண்டு ஏறி வந்தார்.

"மெதுவா, மெதுவா! திரையில கை படக் கூடாது. அடியில பிடிங்க, அடியில!"

முப்பத்தொரு வருஷமாக டிவி பழுது பார்க்கிறவர். கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. மனைவியின் அண்ணனுக்குக்கூட அவர் மெக்கானிக்தான்.

டிவி கூடத்துச் சுவரை முக்கால்வாசி அடைத்துக்கொண்டது. அதற்கு இடம் விட்டு அலமாரி படுக்கையறைக்குக் குடிபோனது. ஆட்கள் போனதும் அவர் மனைவி சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். திரையின் ஒரு முனையில் கையை வைத்து மறுமுனை வரைக்கும் நடந்து பார்த்தாள்.

"என்னங்க இது, சினிமாக் கொட்டகையையே பெயர்த்து எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"அடுத்த வாரம் குளிர்கால ஒலிம்பிக் ஆரம்பிக்குதுல்ல? உனக்குத்தான். எவ்வளவு பெருசா இருக்கோ அவ்வளவு நல்லாத் தெரியும்."

அவள் திரையின் ஓரத்தை இன்னொரு தடவை தடவினாள். பிறகு, "சரி" என்றாள்.

அவள் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் பிழை திருத்துகிறவளாக வேலை பார்த்தவள். ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் பிடித்துவிடுவாள். அதிர்ந்து பேசாதவள், சீட்டு, சினிமா, ஊர்க்கதை எதிலும் நாட்டமில்லாதவள். ஆனால் நாலு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு வாரத்துக்கு அவள் வேறு ஆளாகிவிடுவாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கணுக்கால் முறிந்து ஒரு மாதம் படுத்திருந்தாள். அப்போது டிவியில் தற்செயலாகப் பார்த்ததுதான் அந்தப் பனித்தரை நடனம். வெள்ளைத் தரையில் ஒற்றைக் காலில் ஒரு பெண் வளைந்து வந்ததைப் பார்த்து, தன் காலை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. எந்தக் குதிப்புக்கு என்ன பெயர், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில்.

மெக்கானிக்குக்கு அதில் ஒரு நிமிஷம்கூட உட்காரப் பொறுமை இருந்ததில்லை. "வழுக்கி விழாம நிக்கறதுக்கெல்லாம் மெடலா? நம்ம குளியலறைக்கு வரச் சொல்லு, நானும் ஒண்ணு வாங்கறேன்" என்பார். ஒவ்வொரு நாலு வருஷமும் இதே நகைச்சுவை. தானே சிரித்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார்.

போன முறை நடந்தபோதுதான் அவள் அதைச் சொன்னாள். சமையலறையிலிருந்து வந்த அவரை நிறுத்தி, "ஏங்க, டிவியில ஓரமெல்லாம் இருட்டா இருக்கு" என்றாள்.

அவர் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் டிவியில் ஓரம் மங்குவது என்றால் பின்னாலிருக்கிற விளக்குப் பட்டை போய்விட்டது என்று அர்த்தம். ஊருக்கெல்லாம் பார்ப்பவர் வீட்டில் பார்க்காமல் இருப்பாரா? கடையைப் பூட்டிவிட்டு வந்து, போர்வை விரித்து டிவியைக் குப்புறக் கிடத்தி, மூன்று மணி நேரம் உட்கார்ந்து பட்டையை மாற்றினார்.

"இப்ப எப்படி?"

"நல்லா இருக்கு."

"இருக்காம? யார் கை வச்சது?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அவர் தனித்தனியாகத்தான் பார்த்தார். ஒன்றோடு ஒன்றைக் கோத்துப் பார்க்கவில்லை. அச்சக முதலாளி, "வரியோட கடைசிச் சொல்லுல பிழை தப்பிடுதும்மா" என்று இரண்டு தடவை சொல்லி, மூன்றாம் தடவை அவளே வேலையை விட்டுவிட்டு வந்தாள். வயசாகிறது, ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தார். நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டாள். "வீட்டை இடிச்சுத்தான் தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறியா?" என்று கிண்டல் செய்தார். தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டாள். "பார்த்து" என்றார். அந்தச் சொல்லை அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று பின்னாளில் எண்ணிப் பார்த்தார்.

கடைசியில், தெருவைக் கடக்கும்போது இடப்பக்கமிருந்து வந்த சைக்கிள் அவளை இடித்துத் தள்ளியது. முழங்கையைப் பார்க்க வந்த டாக்டர் கண்ணில் விளக்கடித்துவிட்டு வேறு அறைக்கு அனுப்பினார். அங்கே கண் டாக்டரம்மா ஒரு பெட்டிக்குள் அவளைப் பார்க்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். நெடுநேரம் அறையில் பொத்தான் சத்தமே கேட்கவில்லை.

"கண்ணுல அழுத்தம். ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுக்கிட்டே வரும், வலிக்காது. எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒரு மாசமாத்தான் டாக்டர்" என்று மெக்கானிக் முந்திக்கொண்டு சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு மாசத்துல இவ்வளவு போகாது. போனது திரும்பாதுங்க. இருக்கறதைக் காப்பாத்தப் பார்ப்போம்."

இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். வலது கண்ணில் நடுவே ஒரு சின்ன ஓட்டை. அது நடந்து ஒன்றரை வருஷம். இப்போது இந்தப் பெரிய டிவி.

போட்டியை வீட்டில் பார்ப்பதற்கு என்னென்ன வேண்டும் என்பதை வெளியூரில் இருந்த மகள் போனில் சொல்லிக்கொடுத்தாள். டிவியின் வயிற்றுக்குள் இருக்கிற ஒவ்வொரு கம்பியும் தெரிந்த மனிதர், செயலி, கடவுச்சொல் என்றதும் திக்கித் திணறினார்.

"அப்பா, முதல்ல அந்த ஆப்பை இறக்குங்க."

"எங்கிருந்து இறக்கறது? ஏணி வேணுமா?"

"விளையாடாதீங்கப்பா. அவங்க நேரம் வேற, நம்ம நேரம் வேற. நான் கணக்குப் போட்டு அனுப்பறேன், எழுதி ஒட்டி வைங்க. பெண்கள் தனியா ஆடறது ரெண்டு நாள். முதல் நாள் சின்ன ஆட்டம், மறுநாள் விட்டு அடுத்த நாள் பெரிய ஆட்டம். ரெண்டுமே நமக்குக் காலையில பத்து மணிக்கு."

அவர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். இணைய இணைப்பு நடுவில் அறுந்துவிட்டால் என்ன செய்வதென்று இன்னொரு இணைப்பும் வாங்கி வைத்தார். ஒலிபெருக்கி பூட்டினார். கடைக் கதவில் 'மதியத்துக்கு மேல்' என்று எழுதித் தொங்கவிட்டார். கல்யாண வீட்டுக்காரர்போல அந்த ஒரு வாரமும் அலைந்தார்.

சின்ன ஆட்டத்தன்று பத்து மணிக்கு அவளை நடு நாற்காலியில் உட்கார வைத்தார். திரை முழுக்க வெள்ளை வெளேரென்று பனித்தரை விரிந்தது. அவருக்கே மூச்சு நின்றது.

"எப்படி?"

அவள் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருந்தாள், காணாமல் போன ஊசியைத் தேடுகிறவள் மாதிரி. "பளிச்சுன்னு இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆள் எங்கங்க?" என்றாள்.

அவர் தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் சொல்றேன், கேளு. நீல டிரஸ் போட்ட பொண்ணு வருது. கையைத் தூக்குது. சுத்துது. இன்னும் சுத்துது."

"எந்தக் கால்ல?"

"எந்தக் கால்னா? ரெண்டும்தான் இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அப்புறம் கொஞ்சம் நிதானித்துக் காலைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷமாக எத்தனையோ ஆயிரம் திரைகளைப் பார்த்த மனிதர், திரையில் ஓடுகிறதைப் பார்த்ததில்லை. நிறம் சரியா, கோடு விழுகிறதா, அவ்வளவுதான் பார்ப்பார்.

"இப்ப 'டக்'குன்னு கேட்டுச்சே" என்றாள் அவள். "ஷூ நுனியால தரையைக் குத்தி எழும்பினா அப்படித்தான் கேட்கும். குத்தாம எழும்பினா வெறும் உரசல்தான். மூணு சுத்து சுத்தினாளா?"

"மூணா ரெண்டான்னு... வேகமாப் போயிடுச்சு."

"மூணாத்தான் இருக்கும். இறங்கறப்ப சத்தம் சுத்தமா இருந்துச்சு."

"சத்தத்தை வச்சே கண்டுபிடிக்கறியே! இதெல்லாம் உனக்கு எப்பத் தெரியும்?"

"எப்பவோ. உங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்."

அவருக்கு நினைவில்லை. இடைவேளையில் பனித்தரையைச் சீர்செய்யும் வண்டி சுற்றி வந்தது. அவர் ஒலியைக் குறைத்தார். ஒன்றரை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"போன தடவை ஓரம் இருட்டா இருக்குன்னு சொன்ன. பட்டை மாத்தினதும் நல்லா இருக்குன்னு சொன்ன. மறுபடியும் எப்ப இருந்து அப்படித் தெரிய ஆரம்பிச்சுது?"

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"மறுபடியும்னு இல்லீங்க. அது போகவே இல்ல."

"அப்புறம் ஏன் நல்லா இருக்குன்னு சொன்ன?"

"மூணு மணி நேரம் தரையில குனிஞ்சு உக்காந்துட்டு, வேர்த்து விறுவிறுத்து நிமிர்ந்து, இப்ப எப்படின்னு கேட்டீங்க. இன்னும் இருட்டாத்தான் இருக்குன்னு நான் சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

மெக்கானிக்குக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "டிவியைப் பத்தித் தெரிஞ்சவன் நானா நீயான்னு கேட்டிருப்பேன்" என்றார்.

"அதான்."

அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருந்தது.

"எனக்கும் பயம்தாங்க" என்றாள் அவள். "டிவியில கோளாறுன்னா உங்க கையில இருக்கு. கண்ணுல கோளாறுன்னா யார் கையில இருக்கு? டிவியாவே இருந்துட்டுப் போகட்டும்னு நானும் இருந்துட்டேன். தப்பு உங்களோடது மட்டும் இல்ல."

"என்னோடதுதான்."

"சரி, போட்டி போடாதீங்க. சத்தத்தைக் கூட்டுங்க, ஆரம்பிச்சிடும்."

மறுநாள் போட்டி இல்லை. மதியம் மகள் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள், அவளும் கணவனும் இரண்டு பிள்ளைகளும். அவர் மனைவி போனை ஒரு கையில் தூரமாக நீட்டிப் பிடித்து, "சின்னவனுக்குப் பல்லு விழுந்திருக்கு, பெரியவ அதே பச்சைச் சட்டையைத்தான் போட்டிருக்கா" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கை நின்றது.

"நாலு பேரும் தெரியறாங்களா உனக்கு?"

"தெரியறாங்களே."

"அவ்வளவு பெரிய டிவியில ஒரு ஆள் தெரியலை, இதுல எப்படி?"

"ஓட்டை வழியாப் பார்க்கறப்ப யானையைப் பக்கத்துல கொண்டுவந்து நிறுத்தினா என்ன தெரியும்? தோல்தான் தெரியும். தூரத்துல நிறுத்தினா முழுசாத் தெரியும்."

"இதை டிவி வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க என்னைக் கேட்கலையே" என்றாள்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனார். கதவைத் திறக்காமல் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், எப்ப இருந்து, எந்தப் பக்கம், எல்லா சேனல்லயுமா என்று பத்துக் கேள்வி கேட்காமல் அவர் திருப்புளியைத் தொட்டதில்லை. வீட்டில் ஒரே ஒருத்தி. அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கும் தோன்றவில்லை, போன வாரமும் தோன்றவில்லை.

பிறகு எழுந்து உள்ளே போய், மேசை மேலிருந்த சோதனைத் திரையை எடுத்துக்கொண்டார். உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். பழுது பார்க்கிற பெட்டிகளில் படம் வருகிறதா என்று பார்க்க வைத்திருந்தது.

பெரிய ஆட்டத்தன்று காலையில் அதை ஒரு முக்காலியில் புத்தகம் அடுக்கி வைத்தார். இந்தத் தடவை தானாக எதையும் முடிவு செய்யவில்லை. "இங்க வச்சாப் போதுமா? இன்னும் தள்ளணுமா?" என்று கேட்டுக் கேட்டு வைத்தார். "கொஞ்சம் கீழ. ஒரு சாண் பின்னால. வெளிச்சத்தைக் குறைங்க. ம், நில்லுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவள் காத்திருந்த பெண் கடைசிக் குழுவில் மூன்றாவதாக வந்தாள். போன முறை பதினாறு வயதில் முதன்முதலாக வந்தவள். குச்சிக் கால்களும் துறுதுறுப்புமாக இருந்த அவளுக்கு, சிட்டு என்று இவளே பெயர் வைத்திருந்தாள். இடைப்பட்ட வருஷங்களில் சிட்டுவைப் பற்றிய செய்திகளை மகளிடம் கேட்டு வாசிக்கச் சொல்லித் தெரிந்துகொள்வாள்.

"தெரியுதா?" என்றார் மெக்கானிக்.

"தெரியுது."

இது எந்தத் 'தெரியுது'? உண்மையாகவே தெரிகிறதா, அல்லது இவர் மனம் கோணக்கூடாது என்று சொல்கிறாளா? இனிமேல் அவள் எதைச் சரி என்றாலும் தனக்கு இப்படித்தான் இருக்கும் என்று அந்தக் கணத்தில் அவருக்குப் பட்டது.

"முடியை வெட்டிட்டாளே!" என்றாள் அவள் திடீரென்று. "போன தடவை உச்சியில கொண்டை போட்டிருந்தா. கழுத்து வரைக்கும் வெட்டிட்டா பாருங்க."

குனிந்து பார்த்தார். சுண்டுவிரல் உயரத்துக்கு நின்ற அந்தப் பெண்ணுக்குக் கழுத்தளவு முடிதான். மெக்கானிக் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இசை ஆரம்பித்தது. சிட்டு முதல் குதிப்பை முடித்தாள். இரண்டாவதும் சுத்தம். அவள் தாவும்போதெல்லாம் நாற்காலியில் இருந்த இவளுடைய பாதமும் தரையில் லேசாக எழும்பி இறங்கியது. மூன்றாவது குதிப்பில் இறங்கும்போது கால் மடங்கி, சிட்டு விழுந்து, ஓரச் சுவர் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனாள். கூட்டம் ஒரே குரலில் 'ஐயோ' என்றது.

"எங்க? எங்க போனா? என் கண்ணுல இல்ல!" அவள் கை காற்றில் துழாவி அவர் மணிக்கட்டைப் பிடித்தது. "எந்திரிச்சாளா?"

"எந்திரிக்கறா. முட்டியை ஊனிட்டா. எந்திரிச்சுட்டா! பின்பக்கமா வேகமாப் போறா, இடது கால்ல, வலது காலைத் தூக்கி நீட்டிட்டா. பாட்டை விட்ட இடத்துல பிடிச்சுட்டாம்மா. இப்ப நடுவுக்கு வர்றா, உன் பக்கமா வர்றா. பாரு, இப்பப் பாரு!"

"ம், வந்துட்டா" என்றாள். பிடியைத் தளர்த்தினாள், ஆனால் கையை எடுக்கவில்லை.

ஆட்டம் முடிந்தபோது இரண்டாவது இடத்தில் சிட்டுவின் பெயர் வந்தது. ஆட இன்னும் மூன்று பேர் பாக்கி. அவள் வலது கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"வலிக்குதா?"

"உத்துப் பார்த்ததுல கூசுது. நான் போய்ப் படுக்கறேன். நீங்க மிச்சத்தைப் பாருங்க. பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் படுக்க வைத்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார். சின்னத் திரையை அணைத்துவிட்டுச் சுவரை அடைத்து நின்ற டிவியைப் போட்டார். முன்னால் தனியாக உட்கார்ந்தார்.

கறுப்பு உடையில் ஒரு பெண் வந்தாள். முதல் நிமிஷம் அவள் குதிக்கவே இல்லை. கையை விரித்துக்கொண்டு, உடம்பைத் தரைக்குச் சாய்த்து, ஒரே காலில் நீளமாக ஒரு வளைவு போட்டாள். தரையில் மெல்லிய கோடு ஒன்று அவளுக்குப் பின்னால் விழுந்துகொண்டே வந்தது. மெக்கானிக் தன்னை அறியாமல் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். இதையா இத்தனை வருஷம் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கிற நடையில், செருப்பை மாட்டுகிற அவசரத்தில் தாண்டிப் போனோம்? இரண்டு கண்ணும் நன்றாக இருந்த ஒருத்தி, பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு, ஏழெட்டு ஒலிம்பிக் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஒன்றில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவள் பார்வை எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்பது தெரிந்திருக்கும். அந்த வருஷங்களுக்குத் திரும்பிப் போக இனி வழியில்லை. அந்தப் பெண் ஆடி முடித்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இங்கே மெக்கானிக்கும் அழுதார். அவசரமாக மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்தவளைப் பார்த்தார். சொல்ல வேண்டுமே.

மூன்று பேரும் முடிந்ததும் படுக்கையறைக்குப் போனார். அவள் விழித்துத்தான் இருந்தாள்.

"சிட்டு எத்தனாவது?"

"நாலாவது. மெடல் கொஞ்சத்துல போச்சு."

"அந்த ஒரு தடவை விழுந்ததுதான்." அவள் விட்டத்தைப் பார்த்தபடி கணக்குப் போட்டாள். "அடுத்த தடவைக்கு அவளுக்கு இருபத்தி நாலு. இந்த ஆட்டத்துக்கு அது வயசான கணக்கு. வருவாளா?"

"வருவா" என்றார் மெக்கானிக்.

நாலு வருஷம் கழித்து என்பதைப் பற்றி இரண்டு பேருமே அதற்கு மேல் பேசவில்லை. அந்த ஓட்டை அதுவரைக்கும் நிற்குமா என்று டாக்டரம்மாவிடம் போன மாதம் அவர் தனியாகக் கேட்டிருந்தார். சொட்டு மருந்தை ஒரு வேளை விடாமல் போடுங்கள், வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லியிருந்தார்.

"மத்த மூணு பேரும் எப்படி ஆடினாங்க? முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் அவள், ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு.

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "முதல்ல கறுப்பு டிரஸ் போட்ட பொண்ணு. ஒரு நிமிஷம் குதிக்கவே இல்ல. வலது கால்ல ஒரு வளைவு போட்டா பாரு..." என்று ஆரம்பித்தார்.

"ஷூ கத்தியோட உள் விளிம்பா, வெளி விளிம்பா?"

அவருக்கு அது தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னார். எப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, உள்ளங்கையைப் பாதம் போலச் சாய்த்துக் காட்டினாள்.